உள்ளே போன சுவர் வெளியே வரவேண்டும்

கோப்பாயில் உள்ள எங்கள் வடிவமைப்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்றவளிடம் இப்படிக் கேட்பது கொஞ்சம் ஆபத்தான காரியம். எப்போது நிறுத்துவாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் பயப்படாதீர்கள். வெப்பக் கணக்கு, உலோகக் கணக்கு எதையும் நான் தொடப்போவதில்லை. அவற்றை என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு சுவர் கதவில் இறுகிய கதையை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நான் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து இந்த அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, நீ உங்கை சூரியன் செய்யிறியாம், மெய்யே?"

"செய்யேல்லை அன்ரி. படம் கீறுறன்."

"கீறிறதுக்கோ இவ்வளவு காலம் வெளிநாட்டிலை படிச்சனி?"

நான் வேலியடியை விட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

உண்மையில் அன்ரி சொன்னது அவ்வளவு பிழையும் அல்ல. மிளகைவிடச் சிறிய ஓர் எரிபொருள் உருண்டை. அதை ஒரு பெரிய உருளைக்கலத்தின் நடுவில் எறிந்து, எல்லாப் பக்கத்தாலும் லேசர் ஒளியால் ஒரே கணத்தில் அடித்தால் அது நசுங்கி வெடிக்கும். சூரியனுக்குள் நடப்பதுதான் அங்கே ஒரு துளியளவில் நடக்கிறது. அடுத்த உருண்டை, அடுத்த வெடி. மோட்டார் சைக்கிள் எஞ்சினைப்போல விடாமல் நடந்துகொண்டேயிருக்க வேண்டும். வருகிற சூட்டைக் கலத்தின் சுவர் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சூட்டில் நீராவி உண்டாகி மின்சாரம் வருகிறது. அப்படி ஒரு மின்நிலையம் உலகத்தில் எங்கும் இன்னும் ஓடவில்லை. ஓடவைக்கப் பலர் முயல்கிறார்கள். அவர்களில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் தனது வடிவமைப்பு வேலையில் ஒரு பகுதியை நம்மிடம் தந்திருக்கிறது.

நமக்கு வந்தது ஒருவரும் விரும்பாத பகுதி. வெடிப்பதும் நாமல்ல, ஒளி பாய்ச்சுவதும் நாமல்ல. சுவர் மாற்றுவதுதான் நம் வேலை. ஒவ்வொரு வெடியிலிருந்தும் நியூத்திரன் துகள்கள் பறந்து வந்து சுவரை அடிக்கின்றன. இரண்டொரு வருடத்தில் சுவர் களைத்துப்போகும். அதைத் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே எடுத்து, புதியதை உள்ளே வைக்க வேண்டும். பழைய துண்டில் கதிரியக்கம் இருப்பதால் பக்கத்தில் மனிதர் போகமுடியாது. எல்லாம் தூரத்திலிருந்து இயந்திரக் கைகளால் நடக்க வேண்டும். கழற்றும் துண்டை ஒரு குறுகிய பாதை வழியாகக் கொண்டுபோய், தடித்த கொங்கிறீற் கதவொன்றைத் தாண்டி அப்பால் சேர்க்க வேண்டும். அந்தப் பாதைக்கு நம்முடைய பிள்ளைகள் வைத்த பெயர் 'ஒழுங்கை', ஊரில் வேலிகளுக்கு நடுவே போகிற சந்துக்குச் சொல்கிற பெயர். வெளிநாட்டுக்காரரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள், ழகரம் மட்டும் வராது.

அப்போது எங்கள் அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர் என்னைவிட வயதில் நன்றாக இளையவர். கப்பல் திருத்தும் வேலையில் இருந்து வந்தவர். அவருடைய பெயரை நான் எழுதினால் அடுத்த முறை சந்திக்கும்போது என்னைப் பகிடி பண்ணியே கொன்றுவிடுவார், ஆகவே எழுதவில்லை. நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். ஆனால் கூட்டத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டால் நானும் என் கணக்கை இன்னொருமுறை பார்ப்பேன்.

கணினியில் எங்கள் சுவர்த்துண்டு அழகாக உள்ளே போய் அழகாக வெளியே வந்தது. படமாக்கி அனுப்பினோம். வாடிக்கையாளருக்கு நல்ல சந்தோசம். தம்பிக்கு மட்டும் திருப்தியில்லை.

"அக்கா, கணினிக்குள்ளை எல்லாச் சாமானும் சொன்னபடி நடக்கும். அங்கை பாரமும் இல்லை, காத்தும் இல்லை. ஒருக்கா உண்மையான அளவிலை மரத்தாலை கட்டிப் பாப்பம்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கிழமையே காங்கேசன்துறைப் பக்கம் கடற்கரைக்குக் கிட்ட ஒரு பழைய பண்டகசாலையை வாடகைக்கு எடுத்துவிட்டார். உயரம் போதும், தகரக் கூரையில் ஓட்டைகளும் போதும். கட்டித் தருவதற்குச் சுன்னாகத்திலிருந்து பந்தல் போடும் இராசன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணை வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, உது கலியாணப் பந்தலோ, செத்தவீட்டுப் பந்தலோ?"

"ரெண்டும் இல்லை அண்ணை. மின்சார நிலையம்."

"மின்சார நிலையத்துக்கு என்னத்துக்குப் பந்தல்?" என்று கேட்டபடியே வேலையைத் தொடங்கினார்.

கம்புகளால் சட்டம், பிளைவூட் பலகையால் சுவர், உண்மையான அளவில் ஒழுங்கை, அதன் முடிவில் கதவு நிலை. துண்டைத் தூக்குவதற்குக் கூரை வளைமரத்தில் சங்கிலிக் கப்பி. தரையில் சிவப்பு மையால் ஒரு கோடு. துண்டு ஒழுங்கைக்குள் இருக்கும்போது அந்தக் கோட்டை ஒருவரும் தாண்டக்கூடாது என்பது தம்பியின் கட்டளை. தாண்டினால் அந்த ஆள் செத்ததாகக் கணக்கு.

முதல் நாள் துண்டைக் கதவு வழியாக உள்ளே கொண்டுபோய்க் கலத்தில் பொருத்தினோம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல் இடைவெளியோடு வழுக்கிக்கொண்டு போனது. கைதட்டினோம். புகைப்படம் அனுப்பினோம். வாடிக்கையாளரின் தலைமை வடிவமைப்பாளர் ஒரு அம்மையார். அந்தக் கதவின் அளவை முடிவுசெய்தவரே அவர்தான். படத்தைப் பார்த்துவிட்டுத் தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அந்த மாத முடிவில் கட்டடத்தின் கொங்கிறீற் வரைபடங்கள் எல்லாம் உறுதிசெய்யப்பட இருந்தன. அதற்குப் பிறகு கதவில் கை வைக்க முடியாது. துண்டு வெளியே வருவதையும் கண்ணால் பார்த்துவிட்டால் எங்களுக்கு இரண்டாம் கட்ட வேலையும் தந்துவிட்டுப் போவார் என்பது பேச்சு.

அவர் வரும்வரை துண்டு கலத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டோம். இடையில் மாரி மழை பிடித்துக்கொண்டது.

அம்மையார் வருவதற்கு முதல் நாள் காலையில் ஒத்திகை பார்க்கப் போனோம். தம்பி அங்கே இல்லை. விருந்தினரைக் கொழும்பிலிருந்து தானே வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவர்களுக்கு அனுராதபுரம் பார்க்க ஆசை, அங்கே தங்கி மறுநாள் காலை வருவதாகத் திட்டம். பண்டகசாலையில் நான் இருந்தேன். பாதையை வரைந்த சுகந்தன் இருந்தான். சுவரின் உலோகம் காலப்போக்கில் என்னாகும் என்று கணக்குப் பார்க்கும் வைதேகி இருந்தாள். கப்பியை இழுக்க இராசன் அண்ணையும் அவருடைய ஆட்களும்.

துண்டு கலத்திலிருந்து கிளம்பியது. ஒழுங்கையில் திரும்பியது. கதவுக்கு வந்தது. கிறீச் என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

முன்னால் இழுத்தால் வரவில்லை. பின்னால் இழுத்தாலும் போகவில்லை. ஆப்புப்போல இறுகிவிட்டது. இராசன் அண்ணை சங்கிலியை விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடந்தார்.

"உதுக்கு என்ன, ஒருக்காத் தோளாலை இடிச்சால் போயிடும்."

"அண்ணை! கோட்டைத் தாண்டியிட்டியள்!" என்று வைதேகி கத்தினாள். "நீங்கள் செத்துப்போனியள்!"

அண்ணை நின்று குனிந்து கோட்டைப் பார்த்தார்.

"எப்ப பிள்ளை?"

"இப்பத்தான்."

"அப்ப இண்டைக்கு இனி எனக்கு வேலை இல்லைத்தானே?" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நிழலில் இருந்து பால் விடாத பிளேன்ரீ கேட்டார். நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் எழும்பவில்லை. செத்த மனிதனிடம் யார் வேலை வாங்குவது?

சிரித்து முடிந்த பிறகு பார்த்தால் விசயம் சிரிப்பாக இல்லை. கூரை ஓட்டையால் மழை ஒழுகி, துண்டின் ஒரு பக்கம் ஊறி, பலகை உப்பி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அந்த வயிறுதான் கதவு நிலையில் பிடித்திருந்தது.

"அக்கா, வரைபடம் சரி. பலகைதான் பிழை," என்றான் சுகந்தன். "ரவுணிலை மரக்கடையிலை புதுப் பலகை கிடக்கு. லொறியிலை மத்தியானத்துக்குள்ளை ஏத்திக்கொண்டு வாறன். பின்னேரம் மாத்திப் போட்டமெண்டால் நாளைக்குக் காலமை அழகா வெளியாலை வரும்."

சரியான பேச்சாகத்தான் பட்டது. மழையில் நனைந்த பலகைக்கும் மின்நிலையத்துக்கும் என்ன சம்பந்தம்? ஏற்றிக்கொண்டு வரச் சொன்னேன். தம்பிக்கும் ஒரு அழைப்பு எடுத்தேன்.

"தம்பி, சுவர் கதவிலை இறுகிப்போச்சு. என்னெண்டால்..."

"அக்கா, வான் ஓடிக்கொண்டிருக்கிறன், விளக்கம் வேண்டாம். சாமானுக்குப் பக்கத்திலை நிக்கிறது நீங்கள், நான் இல்லை. நீங்கள் என்ன முடிவெடுக்கிறியளோ அதுதான்."

வைத்துவிட்டார்.

சுகந்தன் லொறியோடு போன பிறகு நானும் வைதேகியும் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு அந்தச் சுவருக்கு எதிரிலேயே இருந்தோம். அவள் மோர்மிளகாயைக் கடித்தபடி, அலுத்துப்போன குரலில் சொன்னாள்.

"என்ரை கணக்கிலை உப்பிடி வயிறு தள்ள ரெண்டு வருசம் எடுக்குது அக்கா. இஞ்சை ஒரு மழைக்கே தள்ளியிட்டுது."

பகிடியாகத்தான் சொன்னாள். நானும் சிரிக்கத் தொடங்கினேன். பாதிச் சிரிப்பில் இரண்டு பேரும் நிறுத்தினோம்.

"உன்ரை கணக்கிலை எந்தப் பக்கம் வளையும்?"

"வெடி நடக்கிற பக்கம்தான். அந்தப் பக்கம்தானே சூடு, அந்தப் பக்கம்தானே அடி."

"எவ்வளவு?"

அவள் கையைக் கூடச் சரியாகக் கழுவவில்லை. மடிக்கணினியைத் திறந்தாள். அவளுடைய கணக்கு எப்போதோ முடிந்த கணக்கு. சுவர் உடையாது, தாங்கும் என்பதுதான் அதன் முடிவு. அதற்குத்தான் அந்தக் கணக்கைக் கேட்டிருந்தார்கள். வளைவு எவ்வளவு என்பதும் அதற்குள்ளேயே இருந்தது, ஒருவரும் அதைத் தேடவில்லை. இப்போது தேடினாள். கதவில் விட்டிருந்த இடைவெளியைவிட அது கூடுதல்.

உங்களுக்கு விளங்குகிறதா? சுகந்தன் பாதையை வரையும்போது வைத்திருந்தது புத்தம்புதுச் சுவரின் வரைபடம். உள்ளே போகும் சுவர் அதுதான். அது சரியாகப் போகும். ஆனால் வெளியே வருவது அதே சுவர் அல்ல. இரண்டு வருடம் அடிவாங்கி, வளைந்து, களைத்துப்போன வேறு சுவர். அந்தச் சுவரை உலகத்தில் ஒருவரும் வரைந்திருக்கவில்லை. வைதேகியின் மேசைக்கும் சுகந்தனின் மேசைக்கும் நடுவில் ஒரு யன்னல்தான் இருந்தது. இரண்டு பேரும் சரியாகவே வேலை செய்திருந்தார்கள். அந்த யன்னலைத் தாண்டி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, வெளிநாட்டில் இருந்த அத்தனை பேரும் கேட்கவில்லை. மழை கேட்டது.

உண்மையான மின்நிலையத்தில் இது நடந்தால் தோளால் இடிக்க இராசன் அண்ணை உள்ளே போகமுடியாது. சுவர் ஒழுங்கையின் வாயில் அடைத்துக்கொண்டு நிற்கும். மின்நிலையம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

பின்னேரம் லொறி வந்தது. புதுப் பலகை, நல்ல வாசம். நாங்கள் சொன்னதைச் சுகந்தன் நின்றபடியே கேட்டான். கெட்டிக்காரன், ஒரு தடவையிலேயே விளங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் சொன்னதை நீங்களும் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அது முட்டாள்தனமான பேச்சே அல்ல.

"அக்கா, நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் நாளைக்குச் சொல்ல வேண்டாம். நாளைக்குப் பலகையை மாத்தி வெளியாலை வாறதைக் காட்டுவம். ரெண்டாம் கட்ட வேலை கையிலை வரட்டும். பிறகு ஆறுதலா அவையளுக்கு எழுதுவம். இப்ப சொன்னால் எங்களை விட்டிட்டுப் போயிடுவினம். போனால் பேந்து இதை அவையளுக்கு ஆர் சொல்லுறது?"

"மாத முடிவிலை கதவு கொங்கிறீற்றாப் போயிடும் சுகந்தன்."

"வரைபடம்தானே அக்கா. கொங்கிறீற் இல்லையே."

"உறுதியாக்கின வரைபடமும் கொங்கிறீற்றும் எனக்கு ஒண்டுதான். உடைக்கிறதுக்கு ஒருத்தரும் வரமாட்டினம். நாளைக்கு அவ எங்கடை பலகை வெளியாலை வாறதைப் பாத்திட்டுத்தான் அந்த வரைபடத்துக்கு ஓம் சொல்லப்போறா. எங்கடை பலகை சாட்சி சொல்லப்போகுது. பொய்ச் சாட்சி."

"ஒப்பீசிலை இருக்கிற பிள்ளையள் எல்லாரும் வேலையை நம்பி இருக்கினம் அக்கா. உங்களுக்கு என்ன, நீங்கள் இன்னும் கொஞ்சக் காலத்திலை ஓய்வு."

அது சுட்டது. சுட்டதற்குக் காரணம் அது உண்மை. நான் பண்டகசாலைக்கு வெளியே போய் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் வீட்டுக் கடன் எடுத்திருக்கிறார்கள், ஒரு பிள்ளைக்குத் தை மாதம் கலியாணம். எல்லோருடைய முகமும் ஒவ்வொன்றாக வந்தது. தம்பியை மறுபடி அழைக்கலாமா என்று கைபேசியைக் கையில் எடுத்தேன். அழைத்திருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார், நானும் நிம்மதியாகப் போய்ப் படுத்திருப்பேன். முடிவு மட்டும் அவருடைய தலையில் இருந்திருக்கும், வான் ஓட்டிக்கொண்டிருக்கிற, சுவரைக் கண்ணால் பார்க்காத மனிதனின் தலையில். கைபேசியைப் பைக்குள் வைத்தேன்.

உள்ளே வந்து சொன்னேன். "பலகை லொறியிலேயே கிடக்கட்டும். சுவர் இப்பிடியே நிக்கட்டும்."

சுகந்தன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். நாளைக்கு வருவானோ என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வந்திருந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான், ஆனால் எல்லோருக்கும் முதல் வந்து தரையைக் கூட்டியிருந்தான்.

வான் வந்து நின்றது. அம்மையார் நல்ல உயரம், கத்தரித்த நரைமுடி. கூடவே அவருடைய உதவியாளரான ஒரு இளம் பொறியியலாளர். இராசன் அண்ணை புதுச் சாரம் உடுத்து நின்று இரண்டு பேருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். தம்பி முன்னால் நடந்து கதவைத் திறந்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அம்மையாரை அல்ல, தம்பியைத்தான். சுவர் இறுகியது மட்டும்தான் அவருக்குத் தெரியும், நான் என்ன முடிவெடுத்தேன் என்று தெரியாது. உள்ளே கால் வைத்தவுடன் கண் நேராகச் சுவருக்குப் போனது. கதவின் நடுவில், வயிறு தள்ளியபடி, அசையாமல் இறுகி நிற்கிற சுவர். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். திரும்பி விருந்தினரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

"உங்களை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தது இதைக் காட்டத்தான். என் சகோதரி விளக்குவார்."

ஏன் என்று தெரியாமலே என் முடிவைத் தன் முடிவாக்கிக்கொண்டார். எத்தனையோ நாட்டில் எத்தனையோ தலைவர்களின் கீழ் வேலை செய்திருக்கிறேன். சரியாக முடிந்த பிறகு பக்கத்தில் வந்து நிற்பவர்கள் நிறையப்பேர். சரியோ பிழையோ தெரியாத நேரத்தில் வந்து நின்றவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் விளக்கினேன். அம்மையார் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சுவரைக் காட்டினார்.

"இது ஈரப் பலகை. ஈரப் பலகையை வைத்து என் கதவைக் குறைசொல்ல முடியாது."

"முடியாது," என்றேன். "பலகை ஒன்றையும் நிரூபிக்கவில்லை. எங்களைக் கேள்வி கேட்கவைத்தது, அவ்வளவுதான். பதில் இவளிடம் இருக்கிறது."

வைதேகி மடிக்கணினியோடு முன்னால் வந்தாள். முதல் இரண்டு வசனம் குரல் நடுங்கியது. அம்மையார் நடுவில் வெட்டினார். எந்த வெப்பநிலை? எந்த உலோகம்? குளிரூட்டும் திரவம் ஒரே சீராக ஓடியதாகவா வைத்தாய்? அந்தக் கேள்விகள் வரவர எங்கள் பிள்ளையின் குரல் நேராகிவிட்டது. தெரிந்த கேள்விகள் அல்லவா.

"ஒரே சீராக ஓடியதாகத்தான் வைத்தேன். சீரில்லாமல் ஓடினால் இன்னும் கூடுதலாக வளையும்," என்றாள்.

அம்மையார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ நினைத்தவர்போல நேராக நடந்து போய், கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"அம்மா! அம்மா!" என்று பின்னாலிருந்து இராசன் அண்ணை அலறினார். "கோட்டைத் தாண்டியிட்டியள்! செத்துப்போனியள்!"

அம்மையார் திடுக்கிட்டுத் திரும்பினார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். தம்பி மொழிபெயர்த்தார். குனிந்து தன்னுடைய சப்பாத்தையும் சிவப்புக் கோட்டையும் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கதவைக் கீறியது நான்," என்றார். "முதலில் சாக வேண்டியதும் நான்தான்."

"முதல் நான்தான்," என்று அண்ணை தமிழில் உரிமை கொண்டாடினார். அதையும் தம்பி மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அம்மையார் மெல்லக் கேட்டார். "பலகையை மாற்றியிருக்கலாமே? எனக்குத் தெரிந்திருக்காது."

சுகந்தனுக்கு வாய் சும்மா இருக்காது.

"மாற்றுப் பலகை வெளியில் லொறியில் இருக்கிறது," என்றான்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்தால் நல்லது என்று இருந்தது. அம்மையார் வெளியே போய் லொறியைப் பார்த்தார். மூடியிருந்த தரப்பாளைத் தூக்கிப் புதுப் பலகையைத் தடவிப் பார்த்தார். அவனைக் கேட்டார்.

"ஏன் மாற்றவில்லை?"

"அக்கா விடவில்லை."

"உனக்குக் கோபம் வந்ததா?"

"வந்தது," என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னும் முழுக்கப் போகவில்லை," என்றான்.

அம்மையார் மறுபடி சிரித்தார். அன்று பின்னேரம் கீரிமலைக்குப் போவதாக இருந்த பயணத்தை நிறுத்திவிட்டு, பண்டகசாலைத் தரையில் எங்களோடு இருந்து வரைந்தார். கதவைப் பெருப்பித்தால் கொங்கிறீற் பலம் குறையும், துண்டைச் சிறிதாக்கினால் பொருத்துகள் கூடும். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து, கடைசியில் கதவு நிலையையே தனியாகக் கழற்றி எடுக்கக்கூடியதாக வைப்பது என்ற இடத்தில் வந்து நின்றோம். யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை சண்டை. சுகந்தன் தான்தான் என்பான். அம்மையார் தான்தான் என்பார்.

இதைக் கேட்டுவிட்டு, உண்மை பேசினால் உடனே நல்லது நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டட வரைபடங்களை உறுதியாக்குவதை நிறுத்தினார்கள். அதோடு எங்களுக்கு வரவேண்டிய இரண்டாம் கட்ட வேலையும் நின்றுவிட்டது. அவர்களே முழுவதையும் திரும்பக் கீறும்போது எங்களுக்கு எங்கே வேலை? பல மாதங்கள் மீன் வைக்கிற குளிர் அறைகளும் தண்ணீர்த் தாங்கிகளும் வரைந்துதான் அலுவலகத்தை நடத்தினோம். இரண்டு பிள்ளைகள் வேறு வேலை தேடிக்கொண்டு போனார்கள். கையசைத்து அனுப்பிவிட்டு வந்து, நான் கழிவறைக்குள் நின்று அழுதிருக்கிறேன். சுகந்தன் போகவில்லை. போகாததற்குக் காரணம் கேட்டால், என்னோடு வாதாட இன்னும் மிச்சம் இருக்கிறது என்பான்.

பிறகு ஒரு நாள் அம்மையாரிடமிருந்து வேலை வந்தது. முன்பு சொன்ன வேலை அல்ல. மின்நிலையத்துக்குள் போகிற ஒவ்வொரு பொருளும் பழையதாகி, வளைந்து, உப்பி, களைத்து வெளியே வரும்போது எப்படி இருக்கும் என்று வரைய வேண்டும். கண்ணாடிகள், குழாய்கள், திருகாணிகள் எல்லாம். புதியதை வரைய அங்கே நிறையப்பேர் இருக்கிறார்கள், பழையதை வரைய உங்களை விட்டால் ஆட்களில்லை என்று எழுதியிருந்தார். நீங்கள் வந்து சேர்ந்திருப்பது அந்தப் பிரிவுக்குத்தான். அதன் தலைவர் சுகந்தன். நேரம் கிடைக்கும்போது லொறியைப் பற்றிக் கேளுங்கள், காது சிவக்கும்.

வைதேகி இப்போது அங்கேயே, அம்மையாரின் சோதனைக் கூடத்தில். போன மாதம் நான் சுன்னாகம் சந்தையில் வெங்காயமும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு கோப்பாய்க்கு பஸ் ஏறினேன். நல்ல சனம். படியிலேயே நின்றேன். கைபேசி அடித்தது. பார்த்தால் வைதேகி, வீடியோ அழைப்பில்.

"அக்கா, கதைக்க நேரமில்லை. பாருங்கோ!"

கைபேசியைத் திருப்பிப் பிடித்தாள். உண்மையான உருக்கில் செய்த சுவர்த்துண்டு. வேண்டுமென்றே சூடாக்கி, வளைத்து, வயிறு தள்ளவைத்தது. இயந்திரக் கை அதைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் வந்தது. கதவுக்கு வந்தது. நின்றது. நான் பஸ் கம்பியைப் பிடித்த பிடியில் கை நோகத் தொடங்கியது. கதவு நிலை மெல்லக் கழன்று பின்னால் போனது. சுவர் ஒரு பக்கம் சரிந்து, உரசாமல், ஆடி ஆடி வெளியே வந்தது.

நான் கத்திவிட்டேன். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கண்ணீர் வேறு வந்துகொண்டிருந்தது. நடத்துநர் பையன் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"என்னம்மா, என்ன? பேரப்பிள்ளை பிறந்திட்டுதோ?"

"இல்லையப்பு. சுவர் வெளியாலை வந்திட்டுது."

அவன் என்னையும் பார்த்தான், என் கையிலிருந்த வெங்காயப் பையையும் பார்த்தான்.

"நல்லது அம்மா," என்றான் மிக அன்பாக. "நீங்கள் கொஞ்சம் உள்ளுக்கை போங்கோ."